சுண்ணாம்பு அடித்த கட்டுத்தரை

புது வைரஸ் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று சொன்னால் கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள் என்று நினைத்திருந்தேன். வீட்டில் அம்மா, "இருக்கறது பத்தாதுன்னு புதுசு வேறயா?" என்று கேட்டுவிட்டுக் கத்தரிக்காய் நறுக்கப் போய்விட்டார். வெளியூரிலிருந்த பெரிய ஆய்வகத்துக்காரர்கள் வேறு மாதிரி கேட்டார்கள். "அது பூச்சியிலிருந்துதான் வந்தது என்பதற்கு என்ன நிச்சயம்?" இரண்டில் அம்மாவின் கேள்விதான் எனக்குச் சுலபமாகப் பட்டது.

கோவைக்கு வெளியே, மேட்டுப்பாளையம் சாலையில் ஓர் ஆய்வகத்தில் செல் வளர்க்கிற வேலை எனக்கு. காந்திபுரத்தில் பஸ் ஏறினால் பெரியநாயக்கன்பாளையம் தாண்டி இறங்க வேண்டும். சேர்ந்தது என்னவோ கண்ணாடிச் சாமான் கழுவத்தான். கழுவிக்கொண்டே வேடிக்கை பார்த்தேன், பார்த்ததை எல்லாம் என்ன ஏதென்று கேட்டேன். என் தொல்லை தாங்காமல் ஒருநாள் எங்கள் விஞ்ஞானி மேடம், "இந்தா அம்மணி, நீயே செஞ்சு பழகிக்கோ, என்ற உசுர எடுக்காதே" என்று குடுவையைக் கையில் கொடுத்தார். அப்படித்தான் கற்றுக்கொண்டேன். பாதி அவர் சொல்லித் தந்தது, மீதி நான் கெடுத்துக் கெடுத்துத் தெரிந்துகொண்டது.

செல் வளர்ப்பது குழந்தை வளர்ப்பது மாதிரி என்று எல்லாரும் சொல்கிறார்கள். குழந்தை பசித்தால் அழும். இது அழாது, செத்துப்போகும். தட்டையான குடுவையின் அடியில் கொசுவிலிருந்து எடுத்த செல்கள் ஒரு பக்கம், குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தவை இன்னொரு பக்கம். சத்து கலந்த இளஞ்சிவப்பு நீர் ஊற்றி, வேளைக்கு மாற்றி, பெருகினால் பிரித்து வைக்க வேண்டும். வைரஸ் தானாக வளராது. உயிருள்ள செல்லுக்குள் புகுந்துதான் பெருகும். அது புகுந்ததா இல்லையா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது என் வேலை.

அந்த வைரஸ் வந்தது மணல் ஈயிலிருந்து. பெயர்தான் ஈ. பார்த்தால் தவிட்டு நிறத்தில் ஒரு பொடிக் கொசு, உடம்பெல்லாம் மயிர், உட்காரும்போது இறக்கையைத் தூக்கிக்கொண்டு உட்காரும். பகலில் சுவர் வெடிப்புக்குள் ஒளிந்திருந்து, பொழுது சாய்ந்ததும் வெளியே வரும். எங்கள் பூச்சி பிடிக்கிற அண்ணன் அதைக் கொடுமுடிப் பக்கம் ஒரு கிராமத்தில், எருமை கட்டுகிற கட்டுத்தரையில் பிடித்து வந்தார். பழைய மண்சுவர், ஈரத்தரை, பக்கத்திலேயே சாணிக் குவியல். மணல் ஈக்கு அதைவிட வசதி வேண்டியதில்லை.

அந்த அண்ணன் பூச்சிகளைப் பனிக்கட்டித் தட்டின் மேல் பரப்பிப் பிரிப்பதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ரத்தம் குடிப்பது பெண் பூச்சிகள் மட்டும் என்பதால் அவற்றைத்தான் தனியே எடுக்க வேண்டும். "அம்மணிக எல்லாம் இந்தப் பக்கம் வாங்க. ஆம்பளைக அக்கட்டால போங்கப்பா, உங்களால ஒரு சோலியும் ஆகறதில்லை" என்று கல்யாணப் பந்தியில் ஆள் உட்கார வைப்பவர் மாதிரி பேசிக்கொண்டே பிரிப்பார்.

பிரித்த பூச்சிகளை மேடம் அரைத்து, வடிகட்டித் தந்தார். நான் கொசுச் செல்களின் மேல் ஊற்றினேன். சில நாள் ஒன்றுமில்லை. பிறகு ஒரு காலையில் பார்த்தால், பாய் விரித்த மாதிரி ஒட்டிக் கிடந்த செல்கள் உருண்டு திரண்டு மிதந்துகொண்டிருந்தன. அதன் மரபுக் குறியீட்டைப் படித்துப் பார்த்தபோது தெரிந்த எந்த வைரஸோடும் முழுதாகப் பொருந்தவில்லை. தூரத்துச் சொந்தம் மாதிரி ஒரு சாயல் மட்டும் இருந்தது. மேடம் அன்று எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கி வந்தார்.

அந்த இனிப்பு வாயில் கரைவதற்குள் தொல்லை ஆரம்பித்தது.

ஒரு வைரஸைப் புதிது என்று சொன்னால் போதாது. அது எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். எந்தச் செல்லில் வளரும், எதில் வளராது, எவ்வளவு சூட்டைத் தாங்கும், பார்க்க எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றையும் காட்ட வேண்டும். குரங்குச் செல்களில் போட்டேன். அவை கல் மாதிரி அசையாமல் கிடந்தன. மறுபடி போட்டேன். மறுபடியும் கல். அதில் வளர்ந்தால்தான் ஆடு, மாடு, மனிதருக்குள் போகுமா என்று யோசிக்கவே ஒரு பிடி கிடைக்கும். வளரவில்லை என்பதால் போகாது என்றும் சொல்ல முடியாது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் எடுக்க அனுப்பினோம். சாம்பல் நிறத்தில் ஒரு படம் திரும்பி வந்தது. கூடவே, 'வைரஸ் துகள்களாக இருக்கலாம்' என்று ஒரு வரி.

இந்த 'இருக்கலாம்' என்ற சொல்லின் மேல் எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பஸ்ஸில் கண்டக்டரிடம் வண்டி ஆய்வகத்துக்கு எதிரில் நிற்குமா என்று கேட்டு, அவர் "நிக்கலாம்" என்று சொன்னதற்கு நான் போட்ட சண்டையை அவர் இன்னும் மறக்கவில்லை. "இந்த அம்மணிகிட்ட மட்டும் நிக்கும், நிக்காதுன்னு சொல்லிப்போடோணும் சாமி" என்று இன்றைக்கும் வண்டியே கேட்கச் சொல்வார்.

இப்படி இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் பெரிய ஆய்வகத்தின் கேள்வி வந்தது. சில பூச்சிச் செல்களுக்குள் வைரஸ் சத்தமில்லாமல் குடியிருப்பது உண்டு. நீங்கள் கண்டது மணல் ஈயிலிருந்து வந்ததா, உங்கள் குடுவையிலேயே முன்பிருந்தே இருந்ததா? எங்கள் பழைய செல்களைச் சோதித்து, அவற்றில் அது இல்லை என்று காட்டினோம். சோதித்தது அதே அறையில்தானே, அதே கையால்தானே என்றார்கள். மீதம் வைத்திருந்த பூச்சிச் சாற்றை மறுபடி செல்லில் ஊற்றிப் பார்த்தோம். வளரவில்லை. தப்பான நேரத்தில் தப்பான காரியம் செய்வதில் அந்த வைரஸுக்கு நிகர் கிடையாது.

அதே கை என்றால் என் கை. அந்த அறையில் வேறு யாரும் செல் தொடுவதில்லை.

மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அதே எடத்துப் பூச்சியில இன்னொரு வாட்டி கெடைச்சாத்தான் இது வைரஸ். இல்லீன்னா நம்ம அழுக்கு."

"நான் அழுக்குப் பண்ணலீங்க மேடம்."

"எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்ன பண்ண? மேலிடத்துல, செல் ரூமுக்கு வேற ஆளப் போடச் சொல்றாங்க. இந்த மழை முடியட்டும், பூச்சி பிடிச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னு தவணை வாங்கி வெச்சிருக்கேன்."

பிறகு தன் யோசனையைச் சொன்னார். புதிதாகப் பிடிக்கிற பூச்சிகளில் பாதியை எங்கள் வாசல்படிகூட மிதிக்காமல், பிடித்த இடத்திலிருந்தே பெட்டி கட்டி அந்தப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்களே அரைத்து அவர்களே சோதிக்கட்டும். மறு பாதியை நான் வளர்க்க வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் என் கையைத் தாண்டிப் போனால்தான் உண்மையாகும் என்பது எனக்குள் எங்கேயோ சுருக்கென்று குத்தியது. பஸ்ஸில் வரும்போது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பாட்டியம்மா, "என்ன கண்ணு, மருதாணி செவக்கலையா?" என்று கேட்டார்.

மழை ஓய்ந்து, ஈரம் சுவரில் ஊறி நின்ற பருவத்தில் கொடுமுடிக்குக் கிளம்பினோம். அண்ணன், நான், டிரைவர், பூச்சிக்கு வைக்கிற விளக்குப் பொறிகள். ஜீப்பில் ஏறும்போது அண்ணன் ரொம்ப நிம்மதியாகச் சொன்னார்.

"முந்தாநாளே போன் பண்ணிச் சொல்லிப்போட்டேன் அம்மணி. சொல்லாம கொள்ளாம ஒருத்தர் ஊட்டு வாசல்ல போய் நின்னா மரியாதையா இருக்குமா?"

எனக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. நாங்கள் எல்லாரும் அப்படித்தானே வளர்ந்திருக்கிறோம்.

போய் இறங்கினால் அந்த எருமைக் கட்டுத்தரை வீட்டு அக்கா வாசலிலேயே நின்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டியிருந்தார். "வாங்க வாங்க" என்று அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு வழி அலுப்பெல்லாம் போய்விட்டது. மோர் கொடுத்தார். குடித்துவிட்டுக் கட்டுத்தரைக்கு நடந்தோம்.

கட்டுத்தரை வெள்ளை வெளேரென்று இருந்தது.

சுவர் முழுக்கச் சுண்ணாம்பு. வெடிப்பு இருந்த இடமெல்லாம் சிமெண்ட் பூசி அடைத்திருந்தது. சாணிக் குவியலை அள்ளித் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூலையில் வேப்பந்தழை மூட்டம் போட்ட சாம்பல் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. எருமைகூடக் குளித்துவிட்டுப் பளபளவென்று நின்றது.

அண்ணன் டார்ச்சை அடித்து ஒவ்வொரு மூலையாகத் தடவினார். ஒரு பூச்சி இல்லை. டார்ச்சை அணைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் எருமையைப் பார்த்தார்.

"என்னங்க்கா இது?" என்றேன். குரல் எனக்கே நன்றாக இல்லை.

"ஒறம்பரை சனம் வாராங்கன்னா ஊட்டை அப்படியே போட்டு வெப்பமுங்களா?" என்றார் அக்கா. "போன வாட்டி உங்காளுக வந்தப்ப சாணியும் சகதியுமா கெடந்துச்சு. பெரிய பெரிய ஆபீசருங்க வந்து அதுக்குள்ள முட்டி போட்டு உக்காந்தாங்களேன்னு எனக்கு அன்னைக்கெல்லாம் சோறு எறங்கலைங்க. இந்த வாட்டி பொங்க நோம்பிக்குக்கூட அடிக்காத சுண்ணாம்பை அடிச்சுப்போட்டமுங்க. நல்லா இருக்குதுங்களா?"

திரும்பி வாசலுக்கு வந்து ஜீப்பின் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன். இதற்காகவா ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தேன் என்று இருந்தது. அண்ணன் மேல் கோபம், சுண்ணாம்பின் மேல் கோபம், இப்படி ஒரு மரியாதையைக் கற்றுக்கொடுத்த ஊர் மேலேயே கோபம்.

அண்ணன்தான் அக்காவிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். பூச்சி கிடைக்காவிட்டால் இந்தப் பிள்ளையின் வேலைக்கே மோசம் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அக்கா என்னிடம் வந்தபோது முகம் மாறியிருந்தது.

"பொடிக் கொசுதான வேணும்னு சொல்றீங்க? அது என்ன சீக்குங்க குடுக்கும்?"

"இன்னும் தெரியாதுங்க்கா. சீக்குக் குடுக்குமா, குடுக்காதான்னே தெரியாது."

"தெரியாததுக்கா இத்தனை பேரு வண்டி போட்டுட்டு வந்தீங்க?"

எரிச்சலோடு கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அழுகிற நேரத்தில் வருகிற சிரிப்பு.

அப்போது சந்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. யாரைப் பார்த்தும் இல்லை, கையிலிருந்த ஆட்டுக்குட்டியைப் பார்த்து. "சிலரு சுண்ணாம்பு அடிச்சு மினுக்கிக்குவாங்க கண்ணு. அவிய ஊட்டுப் பூச்சியெல்லாம் நம்ம பட்டியில வந்து அடையும். நாமதான் கடி வாங்கிச் சாகோணும்."

பங்காளி வீட்டு அம்மா அவர். அக்காவின் கணவருக்கு அண்ணன் மனைவி. போர்வெல் தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கமாகப் போவது என்ற தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று சில வருடங்கள் ஆகியிருந்தன. சொல்ல வேண்டியதை எல்லாம் ஆடு, கோழி, காக்காய் வழியாகத்தான் சொல்லிக்கொள்வார்கள் என்று பூச்சி பிடிக்கிற அண்ணன் என் காதோரம் சொன்னார். ஆனால் எங்கள் இருவர் கண்ணும் அந்த ஆட்டுப்பட்டிச் சுவரின் மேல்தான் இருந்தது. மண்சுவர். நெடுக வெடிப்பு. ஒரு துளி சுண்ணாம்பு இல்லை.

அண்ணன் போய்க் கேட்டார். முடியாது என்றுவிட்டார் அந்த அம்மா. அந்த வீட்டுக்கு வந்தவர்களுக்கு இந்த வீட்டில் என்ன வேலை? அதற்குமேல் இன்னொன்றும் சொன்னார். "இந்த மாதிரி கண்டுபிடிச்சா ஊரு பேரைத்தான் அதுக்கு வெப்பாங்களாமா, என்ற மகன் போன்ல காட்டினான். ஏற்கெனவே தோட்டத்துல வெவசாயம் பாக்கற பையனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேங்கறாங்க. இதுல சீக்குக்கு ஊரு பேரு வேறயா? நல்லாப் பொழைக்கலாமுங்க!"

உண்மையில் அப்படி வைக்கிற வழக்கம் உண்டு. மேடம் மனதில் ஊர்ப் பெயர் இருந்ததும் எனக்குத் தெரியும்.

அக்கா தன் வெள்ளைச் சுவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விடுவிடுவென்று சந்துக்கு அந்தப் பக்கம் போனார். அந்தச் சந்து நாலு எட்டுகூட இருக்காது. ஆனால் அவர் தாண்டியதும் அந்த அம்மா கையிலிருந்த குட்டியை இறக்கி விட்டதைப் பார்த்தேன்.

"அக்கா, எனக்காகக் கேக்கலீங்க" என்றார். "அந்தப் புள்ளை டவுன்ல இருந்து வந்துட்டு அழுதுட்டு நிக்குது. நான் பண்ணின வேலையில அதும் பொழப்புப் போயிருமாமா. ஒரு ராத்திரி உங்க பட்டியில அந்த வெளக்கைக் கட்டி உட்டாப் போதுமுங்களாமா."

"இத்தனை வருசங் கழிச்சுப் பேச வந்ததே கொசுவுக்காகத்தானா?"

"வேற எதுக்கு வந்தாலும் நீங்க மொகத்தைத் திருப்பிக்குவீங்கல்ல?"

அந்த அம்மா கீழே இறங்கிய குட்டியைப் பிடித்துப் பட்டிக்குள் விட்டார். பிறகு என் முக்காட்டைப் பார்த்து, "பாய் ஊட்டுப் புள்ளைங்களா நீங்க? ஒண்ணும் குடிக்காம நிக்கறீங்களே" என்றார். இந்தப் பக்கத்தில் சரி என்பதை அப்படியும் சொல்வார்கள்.

பொழுது சாயும்போது பொறியைக் கட்டினோம். காலையில் பார்த்தால் வலைக்குள் தவிட்டு நிறத்தில் மொய்த்துக் கிடந்தன. அண்ணன் அங்கேயே ஒரு பலகையைப் போட்டு அம்மணிகளைப் பிரித்தார். பாதிப் பெட்டி நேராகக் கூரியருக்குப் போனது. நான் அந்தப் பெட்டியைத் தொடக்கூட இல்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

எனக்கு வந்த பாதியை வளர்க்க ஆரம்பித்தேன். கொசுச் செல்கள் அழகாக, சமத்தாக, பாய் விரித்த மாதிரி கிடந்தன. ஒரு குடுவையிலிருந்து எடுத்து அடுத்த குடுவைக்கு மாற்றினேன். மாற்றம் இல்லை. அதற்கும் அடுத்ததுக்கு மாற்றினேன். இல்லை. வாழ்நாளில் செல்கள் நன்றாக இருப்பதைப் பார்த்து எனக்கு இவ்வளவு வயிறு எரிந்ததில்லை. முதல் தடவை அத்தனை சுலபமாக வந்தது இப்போது ஏன் வரவில்லை? யோசித்து யோசித்து, ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ, என் கையில்தான் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்ததோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. அவைதான் எல்லாவற்றிலும் மோசமான நாட்கள். சாப்பிடுவதற்கு முன் கை கழுவப் போனால் வெகு நேரம் குழாயடியிலேயே நிற்பேன்.

மேடமும் எரிந்து விழுந்தார். "இது என்ன கெரகமோ, கூப்பிட்டா வர மாட்டேங்குது, வேண்டாங்கறப்ப வந்து நிக்குது" என்று வைரஸைத் திட்டுவார். பிறகு என்னைப் பார்த்து, "உன்னையச் சொல்லலை" என்பார்.

ஒரு மத்தியானம் பெரிய ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. மேடம் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அவர்கள் பூச்சியை நேராக அரைத்து, எந்தச் செல்லிலும் வளர்க்காமல் சோதித்திருந்தார்கள். எங்கள் வைரஸின் குறியீடு அதில் இருந்தது. ஏறக்குறைய அச்சு அசலாக. மணல் ஈயில், கொடுமுடிப் பக்கத்து ஆட்டுப்பட்டியில், என் கை படாத பெட்டியில்.

"அழுக்கு இல்ல" என்றார் மேடம்.

"வளரவும் இல்லீங்களே மேடம்."

"அது வேற கதை. எப்படி வளரும், யாரைத் தொடும், ஒண்ணும் இன்னும் தெரியாது. ஆனா நீ செல் ரூம்லயே இருக்கே."

இவ்வளவுதான். குதிக்க வேண்டும் போல இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கால் வலித்தது, நாற்காலியில் உட்கார்ந்தேன். அடுத்து ஆட்டு ரத்தம், மாட்டு ரத்தம், சம்மதித்தால் ஆட்களின் ரத்தம் எடுத்து, அவர்களை இந்த வைரஸ் எப்போதாவது தொட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று மேடம் சொல்லிக்கொண்டே போனார். முதலில் அந்த இரண்டு வீட்டுக்கும் சொல்ல வேண்டும். அதை நானே சொல்கிறேன் என்றேன்.

போன் எடுத்ததும் அக்கா, "வேலை போகலைங்களே?" என்றுதான் கேட்டார்.

"போகலைங்க்கா. அந்தப் பூச்சியில வைரஸ் இருக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு."

"அப்பாடா. நல்லதுங்க" என்றார். ஆடு கத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் இறங்கியது. "அப்ப எங்க பட்டியிலயும் கட்டுத்தரையிலயும் அது இருக்குதுன்னு ஆயிப்போச்சு, இல்லீங்களா?"

"பூச்சியில இருக்குதுங்க. ஆடு மாட்டுக்கோ மனுசருக்கோ வந்துச்சான்னு ரத்தம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். வராமலும்…" இருக்கலாம் என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன். "இப்போதைக்குத் தெரியாதுங்க்கா."

"நான் சந்தோசப்படறதுங்களா, பயப்படறதுங்களா?"

சாயங்காலமானால் கை கால் மூடித் துணி போட்டுக்கொள்ளுங்கள், கொசுவலைக்குள் படுங்கள், சாணியைப் பட்டி ஓரத்தில் குவிக்காதீர்கள் என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் "செரிங்க, செரிங்க" என்றார்.

"அந்த அம்மாகிட்ட நாங்களே வந்து சொல்லிடறோங்க்கா."

"வேண்டாங்க. நீங்க ஜீப்புல வந்து எறங்கிச் சொன்னா, பயந்து ஆட்டையெல்லாம் வித்துப்போடுவாங்க. எடம் கேட்டது நானு. நானே சொல்றேன்."

வைக்கிறேன் என்றார். ஆனால் போனை அணைக்கவில்லை, புடவையில் செருகிக்கொண்டார் போல. துணி உரசுகிற சத்தமும் செருப்புச் சத்தமும் கேட்டன. ஆட்டுப்பட்டிப் படலைத் திறக்கிற கிரீச்.

"ஏனுங்க அக்கா" என்றார் அவர். "கொஞ்சம் உக்காருங்க, ஒண்ணு சொல்லோணும்."

அந்த அம்மாவின் பதில் வரும் வரைக்கும் நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.